ஷாஹிருடையது எல்லாம்

ஒரு வரி காணாமல் போயிருந்தது.

சுக்கைப் பற்றிய பக்கம் அது. நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து லதீஃபா புதிதாக எழுதியது. எந்த ஊர் இஞ்சி, எவ்வளவு வெயில் கண்டது, எப்படி வைத்துக்கொண்டால் பூச்சி விழாது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ‘நல்ல சுக்கை ஒடித்தால் சத்தம் கேட்கும், சத்தம் வராத சுக்கு எங்களிடமே இருந்தாலும் வாங்காதீர்கள்’ என்று முடித்திருந்தாள். தனக்கே பிடித்துப்போய் மறுபடியும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கணினியை மூடினாள். காலையில் சாயாவும் கையுமாக வந்து திறந்தால் மற்ற வரிகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அந்த ஒன்றை மட்டும் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி யாரோ பொறுக்கி எடுத்திருந்தார்கள்.

சேமிக்க மறந்திருப்போம் என்று நினைத்து மறுபடி எழுதிச் சேமித்தாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் இல்லை. யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று அந்த இணையதளமே குறித்து வைத்துக்கொள்ளும். அங்கே போய்ப் பார்த்தாள். திருத்தியவர், ஷாஹிர்.

ஷாஹிர் அவளுடைய கணவன். நோன்பு மாதத்துக்கு முந்தின வாரம், கீழே கிடங்கில், சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான்.

லதீஃபாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். செத்தும் விடமாட்டேன் என்கிறானே என்ற எரிச்சல். ஏனென்றால் பொறுக்கி எடுத்த விதம் அவனுடையது.

மட்டாஞ்சேரி பஜாரில் தலைமுறையாக இருக்கும் அந்த மசாலாக் கடைக்கு இணையதளம் வேண்டும் என்று சொன்னவளே அவள்தான். பாலக்காட்டில் படித்த கம்ப்யூட்டர் படிப்பு பாத்திரம் கழுவுவதோடு போய்விடக் கூடாதே என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். அவனும் சம்மதித்தான், எல்லாம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் தளத்துக்குள் நுழைய ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மிளகு, ஏலக்காய், பட்டை, ஜாதிபத்திரி என்று ஒவ்வொன்றுக்கும் அவள் எழுதினாள். வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவள் பதில் எழுதினாள். மேலே ‘எழுதியவர்: ஷாஹிர்’ என்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் எழுதுவது மலையாளத்தில், அதுவும் நல்ல மலையாளத்தில். ‘ஷாஹிர் இக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தால் எங்கள் வீட்டு அடுக்களை வாசனை வருகிறது’ என்று மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதுவார்கள். அவன் அதைக் கடையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுவான். கொஞ்சம்கூடக் கூசாமல் காட்டுவான்.

அவன் பங்குக்கு ஒன்றே ஒன்று செய்வான். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. முதலில் அந்த வாசனை வரும். பிறகு கழுத்தில் படும் மூச்சு. பிறகு தொண்டையை இரண்டு முறை கனைப்பான். “மதி” என்பான். போதும் என்பதற்கு இந்த ஊரில் சொல்வது அப்படித்தான். அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அழிக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி ஒரு வரி முழுக்கப் போய்விடும். எப்போதும் அவளுக்குப் பிடித்த வரி. எப்படித்தான் கண்டுபிடிப்பானோ. “கஸ்டமருக்கு இவ்வளவு ஒண்ணும் படிப்பிக்க வேண்டா” என்று சொல்லிவிட்டுப் போவான்.

தங்கை ரஃபீனாவைக் கூப்பிட்டாள். ரஃபீனா காக்கநாட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

“லாத்தா, பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணும் இல்ல” என்றாள் ரஃபீனா. “உங்க சைட்ட ஓட்டற சாஃப்ட்வேர் எவ்வளவு பழசுன்னு உங்களுக்கே தெரியும். மச்சான் ஒரு தடவகூட அப்டேட் பண்ண விட்டதில்ல. ஓட்டை விழுந்து கிடக்கு. யாரோ அந்த வழியா உள்ள கேறி, மச்சானோட லாகின்ல விளையாடறான்.”

“கேறினவன் சூதாட்ட விளம்பரம் வெப்பான். ஏதாவது மருந்து விப்பான். ஒரே ஒரு வரிய எடுத்துட்டுப் போவானா?”

“அத பின்னெ பாக்கலாம் லாத்தா. ஆத்யம் அப்டேட் பண்ணுவோம். இன்னிக்கே பண்ணணும் இல்லயா?”

இன்றைக்கே பண்ண வேண்டும். தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனி மாதக்கணக்காக எச்சரித்துவிட்டது. இன்றோடு பழைய பதிப்பை ஓட்டமாட்டார்கள். புதியதுக்கு மாறாத தளம் நாளையிலிருந்து திறக்காது. அது திறக்காமல் போனால் லதீஃபாவுக்கு இந்த வீட்டில் வேலையில்லை. ஷாஹிரின் தம்பி முஹம்மது அதைச் சுற்றி வளைக்காமலே சொல்லிவிட்டான். “இக்காக்கா எழுதினதெல்லாம் கடைக்குச் சொந்தம் மைனி. நாங்க வேற கம்பெனி வெச்சுப் புதுசா செஞ்சுக்கறோம். இத்தா முடிஞ்சா நீங்க பாலக்காட்டுக்குப் போய் உம்மாகூட நிம்மதியா இருங்க.” பிள்ளையில்லாதவளை அனுப்புவது எவ்வளவு சுலபம். பாலக்காட்டில் உம்மாவே மகன் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாள். அந்த மூலையில் இன்னொரு பாய் விரிக்க இடமில்லை.

முஹம்மது அதைத் திரைக்குப் பின்னால் நின்றுதான் சொன்னான். மாடிப்படி வந்து சேரும் இடத்தில் கனமான பச்சைத் திரை. கணவன் இறந்த பெண் இத்தா இருக்கும் மாதங்களில் அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றைக்கே அவன் கட்டியது. மார்க்கம் சொன்னதைச் செய்வதில் அவளுக்கு வருத்தமில்லை. அவன் ஆணி அடித்த வேகத்தில்தான் வருத்தம்.

போன வாரம் ரஃபீனா அங்கிருந்தபடியே லதீஃபா பெயரில் ஒரு புது லாகின் உண்டாக்கிக் கொடுத்திருந்தாள்; நேற்று சுக்குப் பக்கத்தை எழுதியதும் அதில்தான். அதில் நுழைந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். வெளியே மழை விடாமல் அடித்தது. மதியம்தான் என்றாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. கிடங்கில் சுமை எடுப்பவர்கள் மழையைப் பார்த்துவிட்டு அப்போதே போய்விட்டார்கள். முஹம்மதின் மனைவி தேவராவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஓட்டில் மழை, கீழே நனைந்த சாக்கின் புளித்த வாசனை, படகுத்துறைப் பக்கமிருந்து எப்போதாவது ஒரு ஹாரன். அவ்வளவுதான் வீட்டில்.

“ஆத்யம் பேக்கப்” என்றாள் ரஃபீனா. “சைட்ல இருக்கற ஃபைல் எல்லாம், பின்னெ டேட்டாபேஸ். ரெண்டையும் எடுத்துப் பென் ட்ரைவ்ல போட்டுருங்க. அது கையில இருந்தா எது பொட்டி உடைஞ்சாலும் இன்னிக்கு இருக்கற மாதிரியே திரும்பிப் போயிறலாம்.”

திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக வளர்ந்தது. லதீஃபா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு பாதி வந்தபோது கிராம்பு வாசனை வந்தது.

கீழே கிடங்கில் கிராம்பு மூட்டையும் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மழைக் காற்று மேலே கொண்டுவந்திருக்கும். ஆனால் இந்தப் பஜாரில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு மூக்கு பொய் சொல்லாது. மூட்டையில் இருக்கும் கிராம்பின் வாசனை காய்ந்தது, காரமானது, சும்மா நின்றாலே தும்மல் வரும். இது ஈரமாக இருந்தது, கதகதப்பாக இருந்தது. ஒருவன் வாயில் வெகுநேரம் கிடந்து எச்சிலில் ஊறிய கிராம்பு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை உதட்டுக்குள் ஓதினாள். கோடு நிறைந்தது. பென் ட்ரைவைப் பிடுங்கி வலது பக்கம் வைத்தாள்.

“எடுத்தாச்சு” என்றாள்.

“சூப்பர். இனி ஒரு காப்பி சைட் உண்டாக்குவோம். ஒரிஜினல்ல கை வெக்கறதுக்கு முந்தி எல்லாத்தையும் காப்பில செஞ்சு பாக்கணும். பொட்டினா அங்க பொட்டட்டும். அந்த அட்ரஸ் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.”

ரஃபீனா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். நகல் உண்டாயிற்று. ஒட்டு வேலையாகச் சேர்த்திருந்த பழைய சின்னச் சின்ன நிரல்களை நிறுத்தினாள். மென்பொருளை ஒவ்வொரு பதிப்பாக மேலே ஏற்றினாள். ஒரு தடவை பக்கம் முழுக்க வெள்ளையாகிப் பயமுறுத்தியது; அஞ்சல் செலவு கணக்குப் போடும் பழைய நிரல் ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, அதை எடுத்ததும் சரியாயிற்று. வேலை நடக்க நடக்க அவளுக்கு உடம்பில் தெம்பு வந்தது. எத்தனை வருஷம் ‘ஓடறத எதுக்குத் தொடற’ என்று சொல்லியே தடுத்து வைத்திருந்தான். இவ்வளவுதான் வேலை. ஒரு மழை மதியத்தில் முடிகிற வேலை.

நகலில் சுக்குப் பக்கத்தைத் திறந்து காணாமல்போன வரியை மறுபடி எழுதினாள். வேண்டுமென்றே எழுதினாள். ஜன்னலில் சாரல் அடிக்கவே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வரி இல்லை.

பக்கத்தின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்றது. இரண்டு பேர் ஒரே பக்கத்தில் கை வைத்துவிடாமல் இருக்கத் தளம் காட்டும் எச்சரிக்கை அது. ஒரே லாகினில் வேலை நடந்த வீட்டில் அவள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

‘ஷாஹிர் இப்போது இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறார்.’

“ரஃபீனா” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். “ரஃபீனா, காப்பிலயும் இருக்கான்.”

“மச்சானோட லாகினும் சேந்துதானே காப்பியாகும் லாத்தா. வீட்ட அப்படியே எடுத்து வெச்சா சாவியும்கூட வரும். இருங்க, எங்க இருந்து கேறறான்னு நான் பாக்கறேன்.” விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. “லாத்தா, வீட்ல வேற யாராவது இருக்காங்களா?”

“ஏன்?”

“உங்க வீட்டு நெட்ல இருந்துதான் வருது.”

முஹம்மது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஷாஹிரின் பாஸ்வேர்ட் கடைப் பெயர்தான், பஜாரில் பாதிப் பேருக்குத் தெரியும். கீழே இருட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் விளையாடுகிறான், அவளைப் பயமுறுத்திப் பாலக்காட்டுக்கு அனுப்ப. கோபம் வந்ததில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தங்கையின் அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்கீங்க?”

“தேவராவில நிக்கறேன் மைனி. அவளக் கூட்டிட்டு வரலாம்னு வந்தேன், மழையில மாட்டிக்கிட்டேன்.” பின்னால் பஸ் ஹாரன், கண்டக்டரின் விசில். “சாயங்காலம் நான் மட்டும் வரேன். சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கற கம்பெனியோட பாஸ்வேர்ட எழுதி வெச்சிருங்க.”

போனை வைத்தாள். படி வரை போய்த் திரையை விலக்கிக் கீழே பார்த்தாள். கிடங்கு இருட்டாக இருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது, சந்தில் தெரிந்த வெளிச்சத்தில் பூட்டின் நிழல் தெரிந்தது. மூட்டைகள். தராசு. அவன் உட்கார்ந்த இடம். ஒருவருமில்லை.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. அது அவளுக்குப் பின்னால், மேசைமேல், விளக்கடியில். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரே பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிக்கும்போது பழைய விசைப்பலகை போடும் மெல்லிய கிறீச்சு.

திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. சத்தம் நின்றுவிட்டது.

ஓடிப்போயிருக்கலாம். கிடங்கின் பின்கதவுக்குத் தாழ் உள்ளேதான் இருந்தது. ஆனால் ஓடினால் எங்கே ஓடுவது, யார் வீட்டு மூலைக்கு? நாளைக்குத் தளம் இருண்டுவிடும். முஹம்மதின் கம்பெனி புதிதாக ஒன்று செய்யும், அதில் அவள் எழுதியதையெல்லாம் எடுத்துப் போட்டு ‘மறைந்த ஷாஹிர் இக்காவின் எழுத்து’ என்று படத்தோடு வைக்கும். அந்த நினைப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

“டெலிட் பண்ணணும் ரஃபீனா” என்றாள், நிறுத்தி வைத்த அழைப்புக்குத் திரும்பி. “அவன் லாகினையே டெலிட் பண்ணணும்.”

“பண்ணலாம். ஆனா சூக்ஷிச்சு, கவனமாப் பண்ணணும். டெலிட் அமுக்கினதும் ஒரு கேள்வி கேக்கும். இவரோட பேர்ல இருக்கறத எல்லாம் அழிச்சிரவா, இல்ல வேற ஆள் பேருக்கு மாத்தவான்னு. மறந்துகூட அழிக்கச் சொல்லிறாதீங்க, நீங்க எழுதின எல்லாம் போயிரும். உங்க பேருக்கு மாத்தச் சொல்லுங்க.” குரல் மழையில் விட்டு விட்டுக் கேட்டது. “அதையும் ஆத்யம் காப்பில செய்யுங்க லாத்தா. செஞ்சு, கொஞ்ச நேரம் விட்டு, எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டு, அப்புறமா ஒரிஜினல்ல…”

அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள், கிடைக்கவில்லை.

நகலில் வெற்றியான வேலையை அசல் தளத்தில் செய்தாள். ‘பராமரிப்பு நடக்கிறது, சற்றுநேரத்தில் வருகிறோம்’ என்று வாசலில் அறிவிப்பு வைத்தாள். சேர்த்திருந்த நிரல்களை நிறுத்தி, மென்பொருளை ஏற்றி, ஒத்துக்கொள்ளாததை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஓடியது. கிராம்பு வாசனை இப்போது நாற்காலிக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றது. கழுத்தில் மயிர்க்கால்கள் அசைந்தன. மூச்சு. விட்டு விட்டு, பொறுமையாக, அவள் முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மூச்சு.

இருட்டிக்கொண்டு வந்தது. சந்தில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முஹம்மதின் குரல், சில்லறை எண்ணும் குரல்.

லாகின்களின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு பெயர்கள். ஷாஹிர் என்ற பெயருக்குக் கீழே ‘அழி’ என்பதை அமுக்கினாள். ரஃபீனா சொன்ன மாதிரியே கேள்வி வந்தது.

‘ஷாஹிருடையது எல்லாவற்றையும் என்ன செய்ய வேண்டும்?’

நகலில் செய்து பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். செய்து பார்க்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. கீழே பூட்டில் சாவி திரும்பியது. அந்த வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. இத்தா இருக்கிறவளுக்கு வரக் கூடாத சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம். ஷாஹிருடையது எல்லாம். எல்லாவற்றையும் லதீஃபா பெயருக்கு மாற்று.

அமுக்கினாள்.

பின்னால் இரண்டு முறை கனைக்கும் சத்தம் தொடங்கியது. ஒன்று கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை.

பட்டியலில் ஒரு பெயர்தான் இருந்தது. மிளகுப் பக்கத்தைத் திறந்தாள். எழுதியவர்: லதீஃபா. ஏலக்காய், லதீஃபா. பட்டை, லதீஃபா. மஸ்கட்காரருக்கு எழுதிய பதில், லதீஃபா. கண்ணீர் வந்து எழுத்து கலங்கியது. இத்தனை மாதத்தில் அவள் அழுத முதல் அழுகை அது, அவனுக்காக அல்ல. சுக்குப் பக்கத்தில் அந்த வரியை எழுதினாள். சேமித்தாள். காத்திருந்தாள். வரி இருந்தது.

பின்னால் மூச்சு இல்லை. வாசனையும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். சுவர், அலமாரி, சாத்திய ஜன்னல். மழையின் வாசனை மட்டும்.

அப்போதுதான் நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில். சின்னது, கெட்டியானது. ஒரு மொட்டு, ஒரு காம்பு.

அவள் கிராம்பு மெல்லுவதில்லை. துப்ப வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. தாடை மெதுவாக, பழக்கப்பட்ட மாதிரி, அதைக் கடித்தது.

மாடிப்படியில் காலடி. திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. குடையிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டியது.

“மைனி” என்றான் முஹம்மது. “அந்த பாஸ்வேர்டத் தந்தாப் போதும், நான் போயிர்றேன். புது கம்பெனி ஆளு கேட்டுட்டே இருக்கான். இக்காக்கா எழுதினதெல்லாம் அவன் நோக்கிக்குவான். நீங்க இனி ஒண்ணும் செய்ய வேண்டா.”

அவளிடம் பதில் தயாராக இருந்தது. இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த பதில். ‘எல்லாம் என் பேர்ல இருக்கு முஹம்மது. நான் எங்கயும் போகல.’ அதைச் சொல்லத்தான் இந்த மழையில், இந்த வீட்டில், தனியாக உட்கார்ந்திருந்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். இப்போது திறந்தது.

தொண்டை கனைத்தது. இரண்டு முறை.

திரைக்குப் பின்னால் குடை மட்டும் சொட்டியது.

“இக்காக்கா?”

இல்லை என்று கத்தினாள். அது உள்ளேயே இருந்தது. மேசையில் போன் ஒளிர்ந்தது, ரஃபீனா. கை போய் அதைக் கவிழ்த்து வைத்தது. அவள் கைதான். அவள் வளையல் கழற்றிய கை. பென் ட்ரைவ். அது இருந்தால் திரும்பிப் போயிறலாம். அவனைத் திரும்ப அவன் பெயரில் போட்டுவிடலாம். எழுதியவர் ஷாஹிர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், போகட்டும், போகட்டும். கை அதை எடுத்தது. ஜன்னலைத் திறந்தது. மழையில் எறிந்தது. வாய் ஒரு காம்பை அதன் பின்னால் துப்பியது.

திரையின் ஓரத்தை நாலு விரல்கள் பிடித்தன. விலக்கவில்லை. விட்டுவிட்டன. முஹம்மது பேசியபோது அது பழைய குரலாக இருந்தது, அண்ணன் முன்னால் எப்போதும் பேசுகிற, தலை குனிந்த குரல்.

“மைனி… மைனி எங்க, இக்காக்கா?”

“இங்கதான் இருக்கா” என்றது அவள் வாய். “எங்கயும் போகல.”

அவள் சேர்த்து வைத்திருந்த இரண்டு வரிகளில் நல்ல வரி போயிருந்தது.

படியில் காலடி இறங்கியது. ஒவ்வொரு படியாக, பின்பக்கமாகவே, திரும்பாமல். கீழே கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட நினைத்தாள். கை வரவில்லை. கைக்கு வேறு வேலை இருந்தது.

“மதி” என்றது வாய், கிட்டத்தட்ட அன்பாக.

சுண்டுவிரல் ஓரத்துப் பொத்தானில் போய் அமர்ந்தது. அமுக்கியது. பிடித்துக்கொண்டது. சத்தம் வராத சுக்கு போயிற்று. சத்தம் கேட்கும் சுக்கு போயிற்று. வரி முடிந்தும் விரல் எடுக்கவில்லை. பூச்சி விழாத வழி போயிற்று, வெயில் போயிற்று, இஞ்சி விளைந்த ஊர் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கக்கூட அவளுக்கு விடவில்லை. இத்தனை வருஷம் அவள் அவன் பெயரில் எழுதினாள். இனி அவன் அவள் பெயரில் அழிப்பான்.

பக்கம் வெள்ளையாயிற்று. மேலே ‘எழுதியவர்: லதீஃபா’ என்பது மட்டும் இருந்தது. கை அடுத்த பக்கத்தைத் திறந்தது.